நேசரிக்குள் லோஞ்சு ஓட்டிய விபரம்

மூதூர்,
வியாழக்கிழமை காலை.

அன்பு மகன் அஸ்ஹானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். டோஹா வெயிலில் உன் உடம்பையும் ஈமானையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. இங்கே நான், உன் மனைவி பஸ்னா, உன் மகள் மின்ஹா, வீட்டுப் பூனை எல்லாரும் சுகம். என் தொண்டை மட்டும் சுகமில்லை. அந்தக் கதை பின்னால் வரும்.

போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் தொடங்கினால் உடனே "வாப்பா, லைன் கட்டாகுது" என்கிறாய். அதே லைன் பஸ்னாவோடு கதைக்கும்போது கட்டாவதை நான் கண்டதில்லை. கடிதம் கட்டாகாது. எழுதி முடித்ததும் பஸ்னா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். நேற்று நடந்ததை அவள் நேற்றே உன்னிடம் சொல்லப் போனாள். நான்தான் போனைப் பறித்து அலுமாரிக்குள் வைத்தேன். நான் இருக்கும்போது இன்னொருவர் வாயால் நீ கேட்கலாமா?

விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை நீ, "மகள் என்னோட ஒரு சொல்லும் கதைக்கிறாளில்ல, நான் வேலைய விட்டுட்டு வாறன்" என்று சொன்னாயாம். மகன், அவசரப்படாதே. வீட்டுக்கு இன்னும் கூரை போடவில்லை. விட்ட வேலை திரும்பக் கிடைக்குமா? பிள்ளை அடுத்த வருஷம் முதலாம் வகுப்புக்குப் போக வேண்டும், வாயே திறக்கிறாள் இல்லை என்ற கவலை எங்களுக்கும் இருந்ததுதான். குசினிக்குள் சமைக்கிற உம்மாவின் காதுக்குள் குசுகுசுவென்று சொல்வாள். நேசரிப் பள்ளியில் அதுவுமில்லை. பெயர் கேட்டால் தன் செருப்பைப் பார்ப்பாள்.

இறங்குதுறைப் பக்கம் இருக்கிற நேசரி ரீச்சர் நிலுஷா எங்களைக் கூப்பிட்டா. நான் போய்க் கதிரையில் உட்கார்ந்து, பிள்ளையின் குணம், உன் சின்ன வயசு, என் சின்ன வயசு, திருமலைக்கு ஓடிய மூதூர் லோஞ்சுப் படகின் முழு வரலாறு எல்லாவற்றையும் விளக்கினேன். ரீச்சர் நடுவில் பலமுறை வாயைத் திறந்தா, மூடினா. கடைசியில், "ஐயா, வீட்டில ஆர் நிறையக் கதைக்கிறது?" என்று கேட்டா. "அப்படி ஆரும் பெரிசாக் கதைக்கிறல்ல, ரீச்சர்" என்றேன். பஸ்னா ஏன் அந்த இருமல் இருமினாள் என்று எனக்கு விளங்கவில்லை.

ரீச்சருக்கு ஒரு கொள்கை. "நேசரி எண்டது நான் தனிய நடத்திற இடமில்ல, ஐயா. வீட்டாக்களும் ஊராக்களும் உள்ளுக்கு வரவேணும். அவங்கட தொழிலப் பிள்ளைகள் விளையாட வேணும்." எழுத்துச் சொல்லிக் கொடுக்காமல் இதென்ன கூத்து என்று நான் கேட்டேன்தான். அவ சிரித்தா. அதன்படி கடலுக்குப் போகிற வின்சன்ட் வலையோடு வந்தார். வலைக்குள் பிள்ளைகள் அகப்பட்டு, எடுக்கப் போன ரீச்சரும் அகப்பட்டு, எல்லாரையும் வெளியே எடுக்க நேசரி விடுகிற நேரமாகிவிட்டது. பேக்கரி ஜவாஹிர் மா பிசையக் கொடுத்தார், பாண் ஆகுமுன்பே பாதி மா பிள்ளைகளின் வயிற்றுக்குள் போய்விட்டது. மின்ஹா எல்லாவற்றையும் கண் கொட்டாமல் பார்த்தாளாம், மூச்சுவிடவில்லையாம். பிறகு ரீச்சர் என்னைக் கேட்டா: "ஐயா, லோஞ்சைக் கொண்டு வாறீங்களா?"

மகன், எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்னிடம் லோஞ்சைப் பற்றி ஆர் இப்போது கேட்கிறார்கள்? பாலம் போட்டார்கள், சனம் பஸ்ஸில் ஏறிவிட்டது, நம்முடைய லோஞ்சு ஓய்ந்தது. அந்தக் காலத்தில் சுபஹுத் தொழுத கையோடு துறையில் நின்று ஆள் கூப்பிட நான் ஒரு குரல் வைத்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகள், அரசாங்கக் கச்சேரிக்கு வேலைக்குப் போகிறவர்கள், கோழி, ஆடு, புதுப்பெண், மாப்பிள்ளை எல்லாம் ஓடி வருவார்கள். உன் உம்மாவை நான் முதல் கண்டதும் அங்கேதான். குடாவின் நடுவில் அலை அடித்தது, அவ தலை சுற்றி என் சாரத்தில் சத்தி எடுத்துவிட்டா. "பரவால்ல" என்றேன். நான் அவவுக்குச் சொன்ன முதல் சொல் அது. அவ மௌத்தாகிக் கண்ணை மூடும் வரைக்கும் அதைச் சொல்லிச் சிரித்தா. அந்தக் கடற்காற்றும் அந்தச் சிரிப்பும் இனி எங்கே கிடைக்கும்?

சரி, நேசரிக்குப் போகுமுன் பழகிப் பார்ப்போம் என்று செவ்வாய்க்கிழமை வளவுக்குள் நின்று பழைய குரலை எடுத்தேன். நன்றாகத்தான் வந்தது. எவ்வளவு நன்றாக என்றால், அடுத்த வீட்டு றுக்கியா லாத்தா குடையும் பையுமாக வந்து கேற்றடியில் நிற்கிறா. "தம்பி, லோஞ்சு திரும்பவும் ஓடுதா? ஆசுப்பத்திரிக்குப் போகணும், ஒரு இடம் பிடிங்க" என்கிறா. அவவுக்கு விளக்கிச் சொல்லிச் சொல்லியே மிச்சக் குரலும் போய்விட்டது. புதன் விடிய எழும்பினால் வாயிலிருந்து வெறும் காற்று வருகிறது, காற்றுப்போன சைக்கிள் ரியூப் மாதிரி. பஸ்னா, "மாமா, பேசாம இரிங்க, சுகமாகும்" என்று தேத்தண்ணீர் தந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தைப் பெருநாளில்கூட நான் கண்டதில்லை.

நேசரியில் கதிரைகளை இரண்டு வரிசையாகப் போட்டு லோஞ்சு தயார். கடதாசித் தொப்பியோடு ரீச்சர் கப்டன். வின்சன்ட் நங்கூரம் என்று சொல்லி ஒரு வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் துறையில் நின்று வாயைத் திறந்தேன். ஒன்றுமில்லை. திரும்பத் திறந்தேன். ஒன்றுமில்லை. பிள்ளைகள் என் வாயைப் பார்க்கிறார்கள். சஜீத் என்ற வாண்டு, "லோஞ்சு பழுது" என்றான். வின்சன்ட் எனக்குப் பதிலாகக் கத்த வாயெடுத்தார், ரீச்சர் கையைக் காட்டித் தடுத்தா. எனக்கோ அழுகை வருகிறது, அதற்கும் சத்தமில்லை.

அப்போது என் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற உன் மகள் ஒரு கதிரையில் ஏறினாள், மகன். இரண்டு கையையும் வாயில் குவித்தாள். "திருமலை! திருமலை! ஓடி வாங்க, ஏறுங்க ஏறுங்க! கோழி கொண்டாந்த ஆக்கள் பின்னுக்குப் போங்க! ஏய், சஜீத், காலத் தண்ணிக்குள்ள போடாத!" அச்சாக என் குரல்! அதோடு விட்டாளா? கப்டனைப் பார்த்து, "ரீச்சர், நீங்க இரிங்க, லோஞ்சு ஆடுது" என்றாள். ரீச்சர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதா. வின்சன்ட் வாளியைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார்.

வெளிக்கிடும்போது ரீச்சர் மெல்லச் சொன்னா: "ஐயா, பிள்ளைக்குக் கதை நிறைய இருந்தது. கதைக்க இடம்தான் கிடைக்கேல்ல." பஸ்னாவின் இருமல் அப்போதுதான் எனக்கு விளங்கியது. இனி வீட்டில் குறைத்துக் கதைப்பதாக முடிவெடுத்திருக்கிறேன். இந்தக் கடிதம் அந்தக் கணக்கில் சேராது.

ஆகவே மகன், பிள்ளை கதைத்துவிட்டாள், கவலை தீர்ந்தது. நீ வரவேண்டியதில்லை. நிம்மதியாக வேலையைப் பார், நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. உன்னோடு அறையில் தங்கியிருக்கிற பிள்ளைகளுக்கும் என் ஸலாத்தைச் சொல். அல்லாஹ் உன் உழைப்பில் பறக்கத்தைத் தரட்டும்.

துஆவுடன்,
உன் வாப்பா,
முஹம்மது தம்பி

பி.கு: படம் பிடிக்குமுன் இதைப் பஸ்னாவுக்கு இந்தக் கரகரத்த தொண்டையோடு வாசித்துக் காட்டினேன். மின்ஹா பக்கத்தில் இருந்து கேட்டாள். "நீ வரவேண்டியதில்லை" என்ற இடம் வந்ததும், "மூத்தவாப்பா, அத வெட்டுங்க" என்றாள். "ஏன் மகள்? வெள்ளிக்கிழமை போனில வாப்பாவோட கதைக்கலாம்தானே?" என்றேன். "ஏலாது. எனக்குக் கதைக்க நிறைய இரிக்கி. போனுக்குள்ள கொள்ளாது" என்றாள்.

பேனையைத் திரும்பவும் கையில் எடுத்தேன், மகன். மேலே எழுதியதை எல்லாம் விடு. கூரை பிறகு போடலாம். வா.