எண்பத்து மூன்று சட்டிகள்

நைனா முகமது ஒளுச் செய்து, அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது பன்னிரண்டாம் நம்பர் சட்டி பதின்மூன்றில் இருந்தது. பதினொன்றாம் நம்பர் பன்னிரண்டில் இருந்தது. பள்ளிவாசல் முற்றத்தில் தரையோடு தரையாகச் சாக்பீஸால் எழுதிவைத்த எண்கள் அப்படியே இருந்தன. சட்டிகள்தான் ஆளுக்கு ஒரு வீடு நகர்ந்திருந்தன.

"மீரான் அண்ணே, சட்டியெல்லாம் நகந்திருக்கே?"

நோன்புக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்த சமையல்காரர் மீரான் துடுப்பை நிறுத்தவில்லை. இருபது வருஷமாக அந்த அடுப்படியில் நிற்பவர். கேட்டால்தான் பேசுவார். கேட்டாலும் கேட்டதற்கு மட்டும்தான்.

"முத்தவல்லி வீட்டுச் சட்டி வந்துச்சு. அதக் கடைசியில வைக்க முடியுமா. மொத எடத்துல வச்சுட்டு மத்ததெல்லாம் ஒரு எட்டுத் தள்ளி வச்சேன்."

நைனா வரிசையின் கடைசி வரை ஓடிப் பார்த்தான். ஐம்பத்தெட்டாம் வருஷத்து நோன்பின் முதல் நாள் அது. எந்த எண்ணில் எந்த வீட்டுச் சட்டி என்று காலையிலிருந்து எழுதிய நோட்டு அவன் இடுப்பில் இருந்தது. அந்த நோட்டில்தான் அவன் பிழைப்பும் இருந்தது.

திண்டுக்கல்லில் அவன் பதினாலு வருஷம் தோல் எண்ணிய, தோல் பதனிடும் ஷாப்பைத் தை மாதம் மூடிவிட்டார்கள். இரண்டு மாதமாக வேலை இல்லை. பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி அப்துல் வாஹித்தான் கூப்பிட்டு விட்டார்.

"மதரசாவுல எழுத்தர் வேல காலியா இருக்கு. மொத நாளு கஞ்சிச் சட்டி ஒண்ணுகூட மாறாம வீடு போய்ச் சேரட்டும். வேல உனக்கு. ஒண்ணு மாறுனாலும் இந்தப் பக்கம் வராத. இது நான் பன்னண்டு வருசம் பாத்த பொறுப்பு. ஒரு சட்டி மாறுனதில்ல."

"சட்டியில பேரு வெட்டியிருக்குமே மாமு, அதப் பாத்தே குடுத்துரலாமே?"

"பேர நம்பாத. மாமியா வீட்டுது, சம்பந்தி வீட்டுதுன்னு என்னென்னமோ வரும். நம்பர் போடு."

அதுவும் உண்மையாகத்தான் இருந்தது. ரம்ஜான் பீவி கொண்டுவந்த சட்டியில் நர்கீஸ் என்று வெட்டியிருந்தது. நர்கீஸ் கொண்டுவந்ததில் ரம்ஜான் பீவியும் இல்லை, வேறு யாரோ.

கிளம்பும்போது மனைவி சைதூன் சொன்னாள். "இதுவும் போச்சுன்னா கொடைரோட்டுல எங்கண்ணன் வீட்டு வாசல்லதான் போய் நிக்கணும். அந்த மதினி வாயில நான் விழுக மாட்டேன். பாத்துச் செய்யுங்க."

சரி, எல்லா எண்ணோடும் ஒன்றைக் கூட்டினால் தீர்ந்தது என்று நைனா தூணோரம் உட்கார்ந்து நோட்டில் அடித்து அடித்து எழுதினான். ஐம்பத்திரண்டு வரை வந்தபோது மீரான் வரிசையின் நடுவில் குனிந்து நின்றார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"முப்பதாவது சட்டி ஓட்ட. மாவு வச்சு அடச்சுக் கடைசியில வச்சுட்டேன்."

"முப்பதாவது எடம்?"

"காலியா இருந்தா ஊத்துற வேகத்துல தரையில ஊத்திருவோம். அதான் மிச்சத்த இந்தப் பக்கம் ஒரு எட்டு நகத்திட்டேன்."

ஆக, முப்பது வரை ஒன்று கூட்டியது சரி. அதற்குமேல் பழைய எண்ணே சரி. ஆனால் ஐம்பத்திரண்டு வரை அவன் திருத்தித் தொலைத்துவிட்டான். ரப்பர் இல்லை. எச்சில் தொட்டு அழிக்கலாம் என்றால் நோன்பு வாயில் எச்சிலுக்கு எங்கே போவது. விரலால் தேய்த்ததில் தாள் கிழிந்து முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தெட்டு வரை அவன் கையோடு வந்துவிட்டது.

அப்போதுதான் அவனுக்குப் புத்தி வந்தது. எண்ணைத் தரையில் எழுதியதுதானே தப்பு. சட்டியிலேயே எழுதிவிட்டால் அது எங்கே போனாலும் எண் கூடவே போகும். கிழிந்த தாளை ஒட்டவைத்துப் பார்த்துப் பார்த்து எண்பத்து மூன்று சட்டியின் வயிற்றிலும் சாக்பீஸால் எண் போட்டான். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் மனசு கொஞ்சம் ஆறியது. ஹவுதுத் தண்ணீர்த் தொட்டியோரம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, தூணில் சாய்ந்து கண்ணை மூடினான்.

கண்ணைத் திறந்தபோது கஞ்சி ஊற்றி முடிந்திருந்தது. மீரான் கடைசிச் சட்டியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த சட்டிகள் பளபளவென்று, வரிசை ஏதும் இல்லாமல், முற்றம் முழுக்க இருந்தன.

"அண்ணே, ஏண்ணே தொடச்சீங்க?"

"கஞ்சி வழிஞ்ச சட்டியத் தூக்கிட்டுப் போனா துப்பட்டியெல்லாம் கறையாயிரும்ல."

நைனாவுக்கு அழுகை வந்தது. வெயில் மலைக்கோட்டைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. நோன்பு திறக்கும் பாங்குக்கு இன்னும் இருபத்தைந்து நிமிஷம். வாசலில் எண்பத்து மூன்று வீட்டு ஆட்களும் வந்து நின்றார்கள். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் படாத தொண்டைகள். இந்த உலகத்தில் தன்னால் சரியாகச் செய்ய முடிந்த வேலை ஒன்றுகூட இல்லை என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. கொடைரோட்டு மதினியின் முகமும் தெரிந்தது.

இனி ஒரே வழிதான் இருந்தது. அதைத்தான் செய்யாதே என்று முத்தவல்லி சொல்லியிருந்தார். நைனா முதல் சட்டியைத் தூக்கி, அதில் வெட்டியிருந்த பேரைப் படித்தான்.

"நர்கீஸ்."

நர்கீஸ் வந்தாள். சட்டியைப் பார்த்தாள். பேரைப் பார்த்தாள். அதைத் துப்பட்டிக்குள் இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

எல்லாரும் அப்படியேதான் போனார்கள். யாரும் திட்டவில்லை. திட்டினாலாவது மனசு ஆறியிருக்கும். புனித மாதத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டு போகிறார்கள், பெருநாள் கழிந்ததும் சேர்த்துவைத்துக் கேட்பார்கள் என்று நைனா நினைத்தான்.

"கமர்ஜஹான்."

ஈயம் பூசிய பெரிய செம்புச் சட்டி. கமர்ஜஹான் புருஷனில்லாதவள், மூன்று பிள்ளைக்காரி. காலையில் அவள் கொண்டுவந்தது நசுங்கிய ஒரு சின்னத் தூக்கு என்று நைனாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தப்பு என்று தெரிந்தேதான் கொடுத்தான். வேறு என்ன செய்வான். அவள் பேரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஒரு ஏழையையும் அழவைத்தாயிற்று என்று நைனா தலையைக் குனிந்துகொண்டான்.

பாங்கு சொல்லி, நோன்பு திறந்து, மஃரிபும் தொழுதாயிற்று. அப்துல் வாஹித் முற்றத்தில் வந்து நின்றார். கையில் நசுங்கிய சின்னத் தூக்கு.

"இது என்னடா?"

"உங்க பேரு வெட்டியிருக்கு மாமு."

"என் வீட்டுல இருந்து வந்தது செம்புச் சட்டி. பேரப் பாக்காதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல. எத்தன மாறுச்சு?"

நைனா ஒளிக்கவில்லை. ஒளித்து என்ன ஆகப்போகிறது. நோட்டையும் மிச்சமிருந்த சாக்பீஸையும் அவர் முன்னால் வைத்தான்.

"ஒண்ணுகூடப் பாக்கியில்ல மாமு. எல்லாமே மாறிருச்சு. நாங்க நாளைக்குக் கொடைரோட்டுக்குப் போயிர்றோம்."

தொழுதுவிட்டு வெளியே வந்தவர்கள் சுற்றிக் கூடினார்கள். வாஹித்துக்குக் குரல் ஏறியது.

"பன்னண்டு வருசம். இதே முற்றம், இதே சட்டி. நானா சொல்லல, கூடவே இருந்தவரு இந்தா நிக்கிறாரு. ஏன் மீரான், நான் பாத்த காலத்துல ஒரு சட்டி மாறியிருக்கா? நீயே சொல்லு."

அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்த மீரானைப் பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் அதைக் கேட்டுவிட்டார். மீரான் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஒரே ஒரு நாளுதான் மாறுச்சு முத்தவல்லி, நீங்க பொறுப்பெடுத்த மொத நாளு, அன்னைக்கு மாறுன சட்டியெல்லாம் இன்னைக்குத்தான் அதது வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கு."