நன்றி சொல்லிவிட்டுப் போன மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் சலவைக்கடையும் நலம். அங்கே என் மகளும் பேத்தியும் உங்கள் பல் ஆஸ்பத்திரியும் நலமென்று உங்கள் அத்தை சொல்லித் தெரிந்துகொண்டேன். அவள்தான் வாராவாரம் அங்கே வந்து போகிறாளே. என்னைத்தான் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் வருவதாக இல்லை.

உங்களுக்கு நான் பெண் கொடுத்தது நீங்கள் பல் டாக்டர் என்பதற்காக இல்லை. நம் நாயகனின் ரசிகர் மன்றத்தில் தொண்டை கட்டுமளவு நீங்கள் கத்தியதைப் பார்த்துத்தான் கொடுத்தேன். அப்பேர்ப்பட்ட நீங்கள் போன வருடம் ஒரு நாள் கடைக்கு வந்து, இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த என்னிடம், "மாமா, நான் மன்றத்துலேர்ந்து விலகிக்கிறேன். இத்தனை நாள் நல்லா இருந்துச்சு, ரொம்ப நன்றி. இப்ப மனசு அதுல இல்ல" என்றீர்கள். நாயகனைப் பற்றி இளக்காரமாக ஒரு வார்த்தை உண்டா? இல்லை. என்னோடு சண்டை? அதுவும் இல்லை. சண்டை போட்டுப் போனவனைத் திட்டித் தீர்த்துவிடலாம் மாப்பிள்ளை, நன்றி சொல்லிவிட்டுப் போனவனை என்ன செய்வது? நான் இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்ததில் ஒரு வாடிக்கையாளரின் புதுக் கோட்டு தீய்ந்துபோனது.

மன்றத் தலைவரான என் வீட்டு ஆளே கழன்றுகொண்டார் என்று மன்றத்தில் சிரித்தார்கள். என் மானத்தைக் காப்பாற்ற, உங்களோடு யாரும் பேசக் கூடாதென்று நானே தீர்மானம் போட்டேன். எல்லாரும் கை தூக்கினார்கள். அடுத்த மாதமே நம் செயலாளர், அதான் அந்த பஸ் டிரைவர், கன்னம் வீங்கிப்போய் உங்கள் நாற்காலியில் வந்து படுத்திருக்கிறார். கூப்பிட்டு விசாரித்தால், "தலைவரே, பேசக் கூடாதுன்னுதானே தீர்மானம்? நான் பேசவே இல்ல, வாயை மட்டும்தான் திறந்தேன்" என்கிறார்! அதோடு விட்டாரா? "மனுசன் ஒரு வார்த்தை குத்திக் காட்டல. புதுப்படம் எப்ப வருதுன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. நாமதான் கேவலமா நடந்துக்கிட்டோம்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். துரோகி என்று நீக்கினேன். அவருக்குப் பரிந்து பேசிய தையல்காரரையும் நீக்கினேன். மிச்சப் பேர் முந்திக்கொண்டு தாங்களே போய்விட்டார்கள், என்னை நீக்கக்கூட விடவில்லை.

அந்தச் சூட்டில் இருக்கும்போதுதான் பேத்தி கடைக்கு வந்து, "தாத்தா, அப்பா ஏன் இங்க வர்றதே இல்ல?" என்று கேட்டாள். "உங்கப்பன் ஒரு துரோகிம்மா" என்றுவிட்டேன். குழந்தை அந்தச் சொல்லைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், "துரோகின்னா என்னப்பா?" என்று கேட்டிருக்கிறாள். மகள் போன் செய்தாள். கத்தவில்லை. "அவருக்கு ஒண்ணு பிடிச்சுது, இப்ப பிடிக்கலப்பா. அதுக்குக் குழந்தைகிட்ட இப்படியா சொல்லுவீங்க? இனிமே அவ அங்க வரமாட்டா" என்று வைத்துவிட்டாள். நீங்களாவது வந்து என் சட்டையைப் பிடித்திருக்கலாம். அதை விட்டுவிட்டு அத்தையிடம் எனக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்கிக் கொடுத்தனுப்புகிறீர்கள். இதென்ன நியாயம்? மாத்திரையைப் போட்டுக்கொள்கிறேன், மன்னிக்க மாட்டேன்.

ஆகவே சமாதானம் பேச யாரும் வர வேண்டாம். உங்கள் ஒருவரால் மன்றம் ஆடிப்போய்விடவில்லை, கம்பீரமாகவே நடக்கிறது.

பேத்திக்கு என் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, வயதில் மூத்தவன் என்ற கடமைக்காக.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
தலைவர், ரசிகர் மன்றம்.

பி.கு.: கம்பீரமாக நடக்கிறது என்றேனே, கூட்டத்துக்கு வருவது நான் ஒருவன்தான். நேற்று புதுப்படத்துக்குத் தனியாகப் போனேன். பாதியிலேயே தூங்கிவிட்டேன், டார்ச் அடித்துத்தான் எழுப்பினார்கள். உங்களுக்கும் இப்படித்தான் ஆனதா மாப்பிள்ளை? ஞாயிற்றுக்கிழமை குழந்தையை அழைத்துக்கொண்டு வாருங்கள். சினிமா பேச மாட்டேன். வேறு என்ன பேசுவதென்றுதான் தெரியவில்லை, அதையும் நீங்களே ஆரம்பித்துவையுங்கள்.