திரைக்கு முன்னால் நாலு இருமல்

சங்கீதத்தில் எனக்கு இருந்த திறமையைவிட, அதைப் பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயம் பெரியது. அப்படியிருந்தும் ஒரு போட்டியில் பாடி ஜெயிப்பதை விட்டுவிட்டு இருமி ஜெயிக்கப் பார்த்தேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இப்போது வெட்கமில்லை. (ஒப்புக்கொள்ளாவிட்டாலும் தென்காசியில் பாதிப் பேருக்குத் தெரியும்.)

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு சீசன் சமயம். குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வட்டார வாய்ப்பாட்டுப் போட்டி வைத்தார்கள். ராகத்தை விஸ்தாரமாகப் பாடத் தெரிந்த மேல்நிலை மாணவர்களுக்கு மட்டும். முதல் பரிசு வாங்குகிறவருக்கு வானொலியில் பாட வாய்ப்பு. எனக்குப் பத்தொன்பது வயது. தோடி ராகத்தை என் அளவுக்குப் பாட செங்கோட்டைக்கு இந்தப் பக்கம் ஆள் கிடையாது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்து நிலவரம் அவளுக்குத் தெரியாது.

முந்தின வருஷம் வேண்டியவர்களுக்கே பரிசைக் கொடுத்துவிட்டார்கள் என்று நாற்காலிகள் பறந்தனவாம். ஆகவே இந்த முறை நடுவர்கள் திரைக்குப் பின்னால். பாடுகிறவருக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். அதுவும் அன்று காலையில் சீட்டுக் குலுக்கித்தான் தெரியும். நியாயத்துக்கு இவ்வளவு ஏற்பாடு என்று கேட்டதும் என் அக்கா புருஷருக்குச் சோறு இறங்கவில்லை. அத்தான் வக்கீல் குமாஸ்தா. யாரிடமாவது சொல்லிவைக்காமல் சூரியன்கூட உதிக்காது என்று நம்புகிறவர்.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் சிரித்த முகத்தோடு வந்தார்.

"ஏட்டி கோமதி, பெரிய நடுவரு திருவனந்தபுரத்துக்காரரு. குத்தாலத்துக்கு வந்துட்டாரு. நான் பேசிட்டேன்."

"என்ன பேசினிய அத்தான்?"

"அருவிக்கரையில எண்ணெ தேச்சுக்கிட்டு இருந்தாரு. நம்ம பிள்ள பாடுததுக்கு முன்ன ரெண்டு தடவ இருமும், அதை வச்சுக் கண்டுக்கிடுங்கன்னேன். அருவிச் சத்தத்துல ஊருக்கே கேக்க கத்த வேண்டியதாப் போச்சு. நல்லாத் தலைய ஆட்டினாரு."

"எங்க வாத்தியாருக்குத் தெரிஞ்சா கொன்னு போட்டுருவாரு" என்றேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. சாதகத்தைச் சுருக்கிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று நாசூக்காக இருமிப் பழகினேன்.

மறுநாள் நல்ல சாரல். மொத்தம் பதினோரு பேர், எனக்கு ஒன்பதாம் நம்பர். மேடைக்குப் பக்கத்து அறையில் காத்திருந்தேன். முதலில் போன வாசுதேவநல்லூர்ப் பையன் உட்கார்ந்ததும் இரண்டு தடவை இருமினான். அது என் அடையாளமாயிற்றே! இரண்டாவது ஆளும் இருமினார். மூன்றாவது ஆளும். தாலுகா முழுக்க ஜலதோஷமா, தாலுகா முழுக்க அத்தான்களா என்று புரியவில்லை. எட்டு பேரில் இருமாமல் பாடியது கடையத்திலிருந்து வந்த பள்ளிக்கூட டீச்சர் ஒருவர்தான். பாவம், அவருக்கு ஆள்பலம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஜன்னலுக்கு வெளியே குடையோடு அத்தான் தோன்றினார்.

"ஏட்டி, நீ நாலு தடவ இருமு."

"ரெண்டுன்னுதானே சொன்னிய? நாலுன்னா அவருக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு ரெண்டாப் பிரிச்சு இருமு. புரிஞ்சுக்கிடுவாரு."

மேடையேறினேன். இரண்டு இருமினேன். இடைவெளி விட்டு இன்னும் இரண்டு. ஐந்தாவது இருமல் நான் கூப்பிடாமலே வந்தது. ஆறாவது, ஏழாவதைக் கையோடு கூட்டிவந்தது. கண்ணில் நீர் கொட்டியது. வயலின்காரர் தூக்கிய வில்லைக் கீழே வைத்துவிட்டார். திரைக்குப் பின்னாலிருந்து கனத்த குரல் ஒன்று கேட்டது.

"மோளே, கொறச்சு வெள்ளம் குடிக்கூ!"

தண்ணீரைத்தான் மலையாளத்தில் அப்படிச் சொன்னார். மண்டபமே சிரித்தது. ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தபோது எனக்குக் கொடுத்த பத்து நிமிஷத்தில் பாதி போயிருந்தது. தோடி கீழே ஒழுங்காகத்தான் நடந்தது. மேல் ஷட்ஜத்துக்குப் போனபோது புது வேட்டியைக் கிழிக்கிற சத்தம் வந்தது. அது என் குரல். மணி அடித்துவிட்டார்கள்.

முதல் பரிசு கடையம் டீச்சருக்கு. அதை அறிவித்த பெரிய நடுவர் மைக்கை விடவில்லை.

"ஒன்பதாம் நம்பர் குட்டிக்கு நல்ல ஞானம் உண்டு. இருமாம பாடியிருந்தா பரிசு அதுக்குத்தான்" என்றார். நான் தரையைப் பார்த்தேன். "இன்னொரு காரியம். நேத்து நான் எண்ணெ தேச்சு இருக்கும்போ ஒராள் வந்து என்னமோ சொன்னாரு. ரெண்டு காதிலயும் எண்ணெ. தலையோ தேய்க்கிறவன் கையில, அவன் ஆட்டினா ஆடும். ஒண்ணும் கேக்கல. அவர் இங்க உண்டெங்கில், இப்ப வந்து சொல்லலாம்."

அத்தான் மண்டபத்துக்குள்ளேயே குடையை விரித்தார். முகத்தை மறைத்துக்கொண்டு, மூன்று வரிசைகளில் கால்களை மிதித்து வெளியேறினார். அதுவரை அவர் யாரென்று தெரியாதவர்களும் தெரிந்துகொண்டார்கள்.

எங்கள் வாத்தியார் திட்டவில்லை. மறுவாரம் வகுப்பில், "எதிலேருந்து ஆரம்பிக்கட்டும் சார்?" என்று கேட்டேன். "சரளி வரிசை" என்றார். ஒரு மாதம், அன்றுதான் பாட்டுப் படிக்க வந்த சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஸரிகம சொன்னேன். வானொலியில் நான் கடைசிவரை பாடவில்லை. அந்த டீச்சர் பாடியதைக் கேட்டேன். என்னைவிட நன்றாகத்தான் பாடினார். அதை வீட்டில் சொல்ல எனக்கு இருபது வருஷம் ஆயிற்று.

அத்தானுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. போன மாதம் என் பேத்திக்கு பாங்கில் இன்டர்வியூ. எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "அந்த மேனேஜர எனக்குத் தெரியும். ஒரு வார்த்த சொல்லி வைக்கட்டா?" என்று ஆரம்பித்தார். அக்கா, பிள்ளைகள், மருமகள்கள், பேரன் பேத்திகள் எல்லாரும் ஒரே குரலில் இரண்டு தடவை இருமினார்கள்.

நான் மட்டும் நாலு.