பதினான்கு வகை கேக்கும் ஒரு சம்பந்தியும்

ஹோயர், தென் யூட்லாந்து
மார்ச் 11

சாக்லேட் பலகாரப் புத்தகத்தின் பதிப்பாசிரியர் அம்மையார் அவர்களுக்கு, கடலணைக் கண்காணிப்பாளராக முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாகெ லோரன்சன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சம்பந்தி நலமாக இல்லை. அதற்குத் தங்கள் புத்தகமே காரணம் என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

என் மகள் ரிக்கெவுக்கும் கோபன்ஹேகன் பையன் ஆஸ்கெருக்கும் ஜூன் பதினான்காம் தேதி கல்யாணம். எங்கே என்பதுதான் தகராறு. துறைமுகத்தை ஒட்டிய ஒரு பெரிய மண்டபத்தில் வைக்க வேண்டும் என்பது பையன் வீட்டார் ஆசை. எங்கள் ஊர்த் தேவாலயத்தில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. என் மனைவி இங்கெபோர் அதன் முற்றத்துக் கல்லறையில்தான் நாலு வருடமாக இருக்கிறாள். பெண் கல்யாண உடையில் வெளியே வரும்போது அவளைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, தாங்கள் முன்பின் தெரியாதவர் என்பதால் சொல்கிறேன். எப்படியாவது சம்பந்தி வீட்டாருக்கு எங்கள் ஊரைப் பிடிக்க வைக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக் காப்பிக்கு அழைத்தேன். எங்கள் பக்கம் காப்பி என்றால் கூடவே மெத்தென்று ஏழு வகை கேக், மொறுமொறுவென்று ஏழு வகை. ஒன்று குறைந்தாலும் வீட்டுக்காரனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று ஊர் பேசும். பக்கத்து வீட்டு டோர்ட்டே பாதியைத் தான் செய்து தருவதாகச் சொன்னாள். நான்தான் வீறாப்பாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு நூலக வண்டியில் தங்கள் புத்தகத்தை எடுத்து வந்தேன்.

முதல் புகார். தங்கள் புத்தகத்தில் எல்லாமே எட்டுப் பேருக்கான அளவு. வந்தவர்களையும் சேர்த்து நாங்கள் மொத்தம் ஐந்து பேர். பதினான்கை எட்டால் பெருக்கினால் நூற்றுப் பன்னிரண்டு என்று, அலையின் உயரத்தையே கணக்குப் போட்டவனுக்குச் சனிக்கிழமை வரை உறைக்கவில்லை. ஜன்னல் விளிம்பில் கேக், துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் கேக், விருந்தாளிக் கட்டிலில் கேக். "மிதமான சூட்டில் சாக்லேட்டை உருக்கவும்" என்று எழுதியிருக்கிறீர்கள், மிதம் என்றால் எவ்வளவு என்று எழுத வேண்டாமா? மேற்குக் காற்றிலேயே நின்று பழகியவனுக்கு எது மிதம்? மூன்று பாத்திரம் கரிந்து போனது.

இரண்டாவது புகார்தான் பெரியது. சம்பந்தி ப்ரெபன் ஓய்வுபெற்ற பல் மருத்துவர், பரம சாது. அவர் மனைவி விபெகெ அதிகம் பேசமாட்டார். வந்து இறங்கியதுமே ரிக்கெ மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பாதிரியாரைப் பார்க்கப் போய்விட்டாள், அவள் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. எங்கள் பக்கம் விருந்தாளியின் தட்டு காலியாக இருந்தால் வீட்டுக்காரனுக்கு மானக்கேடு. போதும் என்றால் ஒரு துண்டை மிச்சம் வைப்பார்கள், பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். ப்ரெபன் வீட்டிலோ தட்டில் மிச்சம் வைத்தால் அவமரியாதையாம். அவர் துடைத்துத் துடைத்துச் சாப்பிட, நான் வைக்க, அவர் சாப்பிட, நான் வைக்க, என்ன ஆசையாய்ச் சாப்பிடுகிறார் மனுஷன் என்று எனக்கு உச்சி குளிர்ந்து போனது. தங்கள் முன்னுரையிலும் "துடைத்து வைத்த தட்டே சமைத்தவருக்குப் பெரிய பாராட்டு" என்று நாலாம் பக்கத்தில் போட்டிருக்கிறதே! ஒன்பதாவது வகையில் இடுப்பு வாரைத் தளர்த்தினார். பதினோராவதில் ஈனக்குரலில் கேட்டார்: "சம்பந்தி, இன்னும் எவ்வளவு இருக்கு?"

"கவலையே படாதீங்க, உள்ள நிறைய இருக்கு" என்று நானும் தைரியம் சொன்னேன்.

ரிக்கெ திரும்பி வந்தபோது அவர் சோபாவில் மல்லாந்து கிடந்தார், நான் தட்டோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். "அப்பா, காலி பண்ணினா அவருக்குப் போதும்னு அர்த்தம்ப்பா. அவர் மிச்சம் வைக்கலன்னு நீங்க போட்டுக்கிட்டே இருந்தீங்களா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். ப்ரெபன் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "எனக்குக் கோபமே இல்ல சம்பந்தி. ஆனா கல்யாணத்தை எங்க ஊர்லயே வச்சுக்கலாம். இங்க வச்சா கையோட என் காரியத்தையும் பண்ண வேண்டியிருக்கும்." நான் தட்டுகளைக் கழுவப் போனேன்.

ஆகவே அம்மையார் அவர்கள் அந்த நாலாம் பக்கத்தைக் கிழித்துவிட்டு, தென் யூட்லாந்துக்கு வருவோர் தட்டில் ஒரு துண்டு மிச்சம் வைக்கவும் என்று பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். ப்ரெபனுக்கு அலுவலகத் தாளில் ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். கல்யாணம் ஹோயரில் நடப்பதே உத்தமம் என்று அதில் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தங்கள் அடுப்பு அணையாமலும் பாத்திரம் கரியாமலும் இருக்கட்டும் என்று வாழ்த்தும்,
தாகெ லோரன்சன்

பி.கு.: தபால்தலை தேடிக்கொண்டிருந்தபோது விபெகெ தொலைபேசியில் கூப்பிட்டார். "தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. அந்தக் கறுப்பு ரொட்டியைத் துருவி, சாக்லேட்டும் ஜாமும் வச்சு ஒரு கேக் பண்ணியிருந்தீங்களே, அதுல ஆறு துண்டைக் கைப்பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன். ரயில்ல இவரே ரெண்டு தின்னாரு. கல்யாணம் உங்க ஊர்லயே நடக்கட்டும், ஆனா அந்தக் கேக் இருக்கணும்" என்றார். எனவே மேலே எழுதிய எதையும் தாங்கள் செய்ய வேண்டாம். முன்னுரை அப்படியே இருக்கட்டும், அருமையான முன்னுரை. ஒரே ஒரு சிக்கல். அந்தக் கேக் தங்கள் புத்தகத்தில் இல்லை. அது இங்கெபோர் செய்வது, நான் முப்பத்தொரு வருடம் பக்கத்தில் நின்று ரொட்டி துருவிக் கொடுத்தவன். விபெகெ செய்முறை கேட்டதும், அதுவும் தங்கள் புத்தகத்தில் உள்ளதுதான் என்று சொல்லிவிட்டேன். செய்முறை கையில் கிடைத்தால் கோபன்ஹேகனிலேயே செய்து சாப்பிட்டுக்கொண்டு, கல்யாணத்தையும் அங்கேயே வைத்துவிடுவார்கள். எந்தப் பக்கம் என்று கேட்டு அவர் தங்களுக்கு எழுதுவார். ஜூன் பதினான்கு வரை தாங்கள் பதில் போடாமல் இருந்தால் போதும்.