பிளக் பாயிண்ட் பரணி

பாதி உயரத்துக்குப் பச்சை வண்ணம் பூண்ட சுவரின் நடுமார்பில், ஒரு மூலை உடைந்தும் கம்பீரம் உடையாமல் வீற்றிருப்பவனே, மூன்று துளைகளால் மூவுலகையும் நோக்குபவனே, அரசு சுகாதார நிலையத்து மருந்தறையின் ஒற்றைப் பெருங்கோவே, பிளக் பாயிண்டே, நீ வாழி! உன் கைத்தலம் பற்ற இரு வல்லரசுகள் பொருத வெம்போரைச் சொல்லப் புகுந்தேன். சொல்லி முடிக்கும்வரை உன் கரண்ட் போகாதிருப்பதாக.

மேற்கே ஒரு பேரரசு, கிழக்கே ஒரு பேரரசு. ஏழைகளின் கண்ணீரைத் துடைக்காமல் இரண்டும் உறங்கியதில்லை; துடைக்கும் கைக்குட்டையில் தம் கொடியை அச்சிடாமல் துடைத்ததும் இல்லை. மேற்கின் கருணைவிழி இந்நாட்டுத் துறைமுகத்தின்மேல் ஈரம் கசிய நிலைத்திருந்தது. கிழக்கின் கருணைவிழியோ மலைக்குள் துயிலும் தாதுவை நினைத்துக் கலங்கியது. ஆதலால் இந்தச் சிறு நிலையத்துக்கு மேற்கு கூரை வேய்ந்தது. அது கேட்டுப் பொறாத கிழக்கு சுவர் எழுப்பியது. கூரைக்கும் சுவருக்கும் நடுவே கையகலம் இடைவெளி விழுந்தது. இரு ஒப்பந்தங்களிலும் இடம்பெறாத அந்த இடைவெளியில், எவர் உதவியும் பெறாமல் ஒரு காக்கை குடும்பம் நடத்திவந்தது.

இவ்வாறிருக்கையில் மருந்தறையின் பழைய ஃபிரிட்ஜ், நெடுநாள் இருமிய பின் உயிர்நீத்தது. செய்தி கடல்களைக் கடந்தது. மேற்கு, தந்தநிறத் தேகமும் வெள்ளிக் கைப்பிடியும் உடைய ஃபிரிட்ஜ் ஒன்றைத் தானம் அறிவித்தது. மறுநாளே கிழக்கு, அதனினும் ஒரு சாண் உயர்ந்த ஃபிரிட்ஜ் ஒன்றைத் தானம் அறிவித்தது. இரண்டு லாரிகளும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. இறக்கப்பட்ட இரண்டும் மதங்கொண்ட இரு களிறுகளென, தந்தங்களுக்குப் பதில் ஒயர்களை நீட்டியபடி, நடுச்சுவரின் ஒற்றைக்கோவாம் பிளக் பாயிண்டை இருமருங்கும் சூழ்ந்து நின்றன.

மந்திரி வந்து திறந்துவைக்கும் திருநாள் அன்று.

மேற்குச் சேனைக்குத் தலைவர், நிலையத்தாரால் 'நீலக்கோட்டு' என்று அழைக்கப்பட்டவர். கிழக்குச் சேனைக்குத் தலைவர் 'வெள்ளைத்தொப்பி'. இருவர் பின்னும் மொழிபெயர்ப்பாளர்களும் போட்டோக்காரர்களும் கையில் தண்ணீர் பாட்டிலேந்திய காலாட்படையும் அணிவகுத்தன.

இரு படைகளுக்கும் நடுவே, எப்படையிலும் சேராத ஒருத்தி நின்றாள். நிலையத்து நர்ஸ். அவள் காலடியில் ஓர் ஐஸ் பெட்டி. அதனுள், மறுநாள் காலை மலையிலிருந்து இறங்கி வரும் குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்து. வெயில் ஏற ஏற, பெட்டியின் அடியிலிருந்து ஒரு சிறு நதி புறப்பட்டு, வீரர்களின் பாதணிகளை நனைத்தவாறு வாசல் நோக்கி ஓடியது. மருந்து சூடேறினால் கொட்டிவிட வேண்டியதுதான். அடுத்த மருந்து அடுத்த மாதம்தான்.

"சார், ஐஸ் உருகிட்டிருக்கு. ஏதாவது ஒரு ஃபிரிட்ஜைப் போட்டு மருந்தை வெச்சிடறேனே" என்றாள், நிலையத்து டாக்டரிடம்.

"கொஞ்சம் பொறுங்க சிஸ்டர். ஒண்ணுல வெச்சா இன்னொருத்தர் கோவிச்சுக்குவார். அப்புறம் ஆம்புலன்ஸுக்கு யாரைக் கேக்கறது?"

"இருக்கற ஆம்புலன்ஸே டயர் இல்லாம நிக்குது சார்."

"வண்டி இவர் குடுத்தது. டயர் அவர் தரேன்னிருக்கார். ரெண்டு பேருமே வேணும் நமக்கு."

போர் தொடங்கிற்று. நீலக்கோட்டு முதலில் பாய்ந்தார். தம் நாட்டு ஒயரின் தடித்த காலை இந்நாட்டுத் துளைக்குள் நுழைக்கவல்ல அடாப்டரை, உறையிலிருந்து வாளை உருவுவதுபோல் பைக்குள்ளிருந்து உருவி உயர்த்தி, "மானுடம் தழைக்க எம் குளிர் முதலில் பாயும், பின்னரே பிறர் குளிர்" என முழங்கினார். வெள்ளைத்தொப்பி சளைத்தாரல்லர். "நட்புக்கு விலை பேசாத எம் குளிர், விலை பேசுவோர் குளிருக்குப் பின் நில்லாது" என முழங்கி, தம் அடாப்டரால் அதைத் தடுத்தார். அடாப்டரும் அடாப்டரும் மோதிய ஓசையில் கூரையிடுக்கின் காக்கை குடும்பத்தோடு வெளியேறியது.

அடுத்து ஸ்டிக்கர் மாரி பொழிந்தது. கார்கால மேகம் இடமறியாது பெய்வதுபோல் இரு நாட்டுக் கொடிகளும் ஃபிரிட்ஜ் கதவிலும், ஸ்விட்சின் மேலும், எடைபார்க்கும் தராசின் மேலும் வந்து ஒட்டின. வாசலில் அசந்திருந்த வாட்ச்மேனின் முதுகில் மேற்கும் தொப்பையில் கிழக்குமாக ஒட்டியதால், அவர் அன்று முழுவதும் யாருடைய உதவி என்று எவரும் துணிந்து சொல்ல இயலவில்லை.

லாரி டிரைவர் ஒருவர், போரறம் அறியாதவர், நடுவில் வாய்திறந்தார்: "ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டா ரெண்டும் ஓடுமே சார்."

அவை திடுக்கிட்டது. எதிரி அருந்தும் அதே ஒயரில் தம் பெட்டி மின்சாரம் அருந்தினால் வாரண்டி செல்லாது என்று இரு தரப்பும், அன்று முதன்முறையாக, ஒரே குரலில் அறிவித்தன. டாக்டர் வேறொரு வழி கண்டார்: காலையில் ஒன்று ஓடட்டும், மாலையில் மற்றது. தேர்தலுக்கு முந்தைய அரசியல்வாதிபோல் மருந்து அங்குமிங்கும் தாவினால் வீணாகிவிடும் என்று நர்ஸ் எடுத்துச் சொன்னாள். அது மொழிபெயர்க்கப்படவில்லை.

மந்திரியின் கார் சத்தம் கேட்கவும் சமாதானம் பிறந்தது. எந்த ஒயரையும் சொருகுவதில்லை; இரு ஃபிரிட்ஜுகளும் கதவு திறந்து, விளக்கின்றி, ஒரே அளவு சூட்டோடு நிற்கும்; போட்டோவில் இரண்டும் ஒரே அகலத்தில் விழும் என்று ஒப்பந்தமாயிற்று. தான் வெல்லாத வருத்தம் இருவருக்கும் சிறிதே இருந்தது. மற்றவர் வெல்லாத மகிழ்ச்சி கடலெனப் பெருகியது. கைகுலுக்கினர். மூன்று துளைகளும் காலியாக, முடிசூட்டிக்கொள்ள ஆளில்லா அரியணைபோல் ஒற்றைக்கோ வெறித்திருந்தான்.

அக்கணம், எக்கொடியும் ஏந்தாமல், தோளில் ஒயர்ச்சுருளோடு மைக்செட்காரர் உள்ளே வந்தார். காலியாயிருந்த துளையைக் கண்டார். சொருகினார். ஸ்விட்சைத் தட்டினார். இரு வல்லரசுகள் பொருதும் பெறாத கோட்டை வீழ்ந்தது.

"அண்ணே, அதை எப்பக் கழட்டுவீங்க?" என்று கேட்டாள் நர்ஸ்.

"மந்திரி பேசி முடிக்கணும்ல தங்கச்சி."

"எப்ப முடிப்பார்?"

"இப்பத்தான் தொண்டையச் செருமறார்."

வெளியே இரு ஒலிபெருக்கிகள் இடியென அதிர்ந்தன. இந்த மண்ணில் இனிக் குளிர்ச்சிக்குக் குறைவில்லை என்றும், நண்பர்கள் இருவரின் அன்பால் எதிர்காலத் தலைமுறையே சில்லென்று ஆகிவிட்டதென்றும் மந்திரி முழங்க, நீலக்கோட்டும் வெள்ளைத்தொப்பியும் எவர் கைதட்டல் முதலில் ஓய்வதென்னும் புதிய போரில் புகுந்து, உள்ளங்கை சிவக்க, புயலில் சிக்கிய பனைமடல்களென ஓயாது தட்டிக்கொண்டிருந்த அப்பெருமுழக்கத்தின் நடுவே, ஐஸ் பெட்டியிலிருந்து புறப்பட்ட நதி வற்றத் தொடங்கியது.

நர்ஸ் மருந்தை எடுத்துக்கொண்டு போய், எதிர்த்த டீக்கடை ஃபிரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.