கண்டக்டருக்கு மூன்று வியாதி

சட்டைப்பையிலிருந்த மாத்திரை அட்டை வாளித் தண்ணீருக்குள் போக இருந்த நேரத்தில் கண்டக்டர் பாய்ந்து சட்டையைப் பிடுங்கினார். துவைக்க வந்த மனைவி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

புராஸ்டேட் வீக்கத்துக்கான மாத்திரை அது. வயதானால் வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அவளுடைய அண்ணனுக்கு அதே இடத்தில்தான் புற்று வந்தது. ஏழே மாதத்தில் ஆளைக் கொண்டுபோய்விட்டது. அந்தப் பெயரைக் கேட்டாலே இடிந்துபோவாள். அதனால் கண்டக்டர் மூச்சு விடவில்லை. மருந்துகூட நாலு தெரு தள்ளி, தெரிந்த முகம் எதுவும் தட்டுப்படாத கடையில்தான் வாங்கினார்.

முப்பது வருடம் பஸ்ஸில் நின்றபடியே அடக்கிப் பழகிய மனிதர், இப்போது மணிக்கொரு தரம் பாத்ரூமுக்கு ஓடினார்.

"என்னங்க, உடம்புக்கு என்ன?"

"சர்க்கரை லேசா எட்டிப் பாக்குதாம்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார். மறுநாளிலிருந்து காபி கசந்தது.

மாத்திரை வேலை செய்தது. கூடவே, எழுந்து நின்றால் தலையும் சுற்றியது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மாட்டிக்கொண்டார். பிரஷர் என்றார். சாப்பாட்டில் உப்பு போயிற்று.

சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அவள் நீட்டிய டம்ளரை மறுக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. "கிட்னிக்கு ஆகாதாம்."

டம்ளர் நழுவி உருண்டது. அவள் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "உங்களுக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

எது கூடும், எது கூடாது என்று அவள் யாரையும் கேட்கவில்லை. எல்லாம் அத்துப்படி. கெட்டிக்காரிதான் என்று கண்டக்டருக்கு உள்ளூரப் பெருமை. ஆனால் அவளும் அந்தப் பத்தியச் சாப்பாட்டையே சாப்பிட்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. உங்களுக்கு இல்லாத ருசி எனக்கெதுக்கு என்றாள். கன்னம் ஒட்டிப்போயிற்று. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கினாள். நோய்நொடி தெரியாதவளைத் தன் புளுகு இப்படி உருக்குகிறதே என்று தன்னையே நொந்துகொண்டார்.

இனி முடியாது. புது அட்டையை வாங்கி அவள் கையில் வைத்து, உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். திட்டட்டும், அழட்டும். அப்புறம் சர்க்கரையை அள்ளிப் போட்டு ஆளுக்கு ஒரு காபி.

மருந்துக்கடையில் அன்று கடைக்காரரின் மனைவி இருந்தாள். மாத்திரையைக் கொடுத்துவிட்டு, நோட்டில் எழுத விலாசம் கேட்டாள். சொன்னார். எழுதிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். குனிந்து, கட்டிவைத்திருந்த ஒரு பையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அந்த வீட்டம்மாவுக்கு அண்ணனா நீங்க? வீட்டுக்காரர் இந்தக் கடைப் பக்கமே வர மாட்டார்னு சொன்னாங்களே. ரெண்டு வருஷமா அவங்க வாங்குற மாத்திரை இது, சர்க்கரை, பிரஷர், கிட்னி மூணுக்கும். கையோட குடுத்துடுங்க. அவங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியக் கூடாதாம், மனுஷன் தாங்க மாட்டாராம்."