கேமராவுக்குத் தெரியாத மொட்டை மாடி

"அப்பா, தயவுசெஞ்சு மாடியிலேர்ந்து இறங்குங்க!" மகள் போனில் கெஞ்சினாள்.

"உன் கேமரா இப்போ நம்ம தலைக்கு மேலதானே போகுது? ஒரு கை காட்டிட்டு வந்துடறேன்."

தன் வாயாலேயே வினையைத் தேடிக்கொண்டாள் அவள். அவள் குழு உருவாக்கிய புற ஊதாக் கேமரா செயற்கைக்கோளில் ஏறிப் போயிருந்தது. உயரே, காற்று மெலிந்த இடத்தில் மினுங்கும் மங்கலான ஒளி மட்டுமே அதற்குத் தெரியும். தரை, வீடு, மனிதர் எதுவும் தெரியாது. ஓசோன் படலம் கறுப்புத் திரை போட்டுவிடும். ஆனால் நெஞ்சு நோயில் படுத்திருந்த அப்பா, "அதுல நான் தெரிவேனா?" என்று கேட்டபோது, "ஓ, நல்லாத் தெரிவீங்களே!" என்று சொல்லித் தொலைத்தாள். பெற்ற மகளைத் தூரத்து ஆய்வுக்கூடத்துக்குத் தாரை வார்த்துவிட்டுத் தனியாகக் கிடந்தவரிடம் வேறென்ன சொல்வது?

அவ்வளவுதான், எழுந்துவிட்டார். அவரைக் கவனிக்க வரும் நர்ஸம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு தினமும் மாடியேறிக் கையசைத்தார். பனியில் சளி பிடித்துக்கொண்டது.

அவர் மாடியேறுவதைத் தடுக்க, "படம் எடுத்தாச்சுப்பா," என்றாள்.

"அப்படியா? கொண்டா, பார்க்கணும்!"

வசமாக மாட்டிக்கொண்டாள். நர்ஸம்மாவை ரகசியமாக அழைத்தாள். "எதிர்க் கட்டடத்து உச்சியிலேர்ந்து அப்பாவை ஒரு படம் எடுத்து அனுப்புங்கக்கா. அவருக்குத் தெரியவே கூடாது."

"அவருக்கு எங்கம்மா தெரியப் போகுது? அத்தனை படி ஏறி இறங்கற என் முட்டிக்குத்தான் தெரியும்."

படம் வந்தது. அப்பா தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார். அவள் அதற்கு ஊதா நிறம் பூசி, ஓரத்தில் கொஞ்சம் மேகமும் ஒட்டி, பெரிதாக அச்சடித்துக்கொண்டு ஊருக்கு ஓடினாள்.

அப்பா படத்தை முகத்தருகே வைத்துக்கொண்டார். தலைகீழாக. வானத்திலிருந்து எடுத்த படத்துக்கு மேலேது, கீழேது என்று அவள் விட்டுவிட்டாள்.

"அடேயப்பா! சட்டைப் பட்டன்கூடத் தெரியுதே!"

அந்த முகத்தில்தான் எத்தனை பெருமை! அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. படம் நெஞ்சின்மேல் கிடந்தது.

எல்லாம் முடிந்த பிறகு, நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கடைசி நேரத்துல அப்பாவை ஏமாத்திட்டேன்க்கா. அந்தக் கேமராவுக்குத் தரையே தெரியாது."

நர்ஸம்மா மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"அழாதீங்கம்மா. அது மேலே போறதுக்கு முன்னாடியே அவருக்குக் கண்ணு போயிடுச்சு. சொன்னா நீங்க கேமராவைப் பாதியில போட்டுட்டு ஓடி வந்துடுவீங்கன்னு என் வாயைக் கட்டிட்டாரு."